தி.நகர் சேறு ஒரு ரகம், அடையாறு மண் ஒரு ரகம்... காட்டன் துணியில் மழைக்காலக் கறையை எடுப்பது எப்படி?

காலையில் வெள்ளை யூனிஃபார்மில் கிளம்பிய பிள்ளை, சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு வந்து நிற்கும். 'கறை நல்லது' என்று விளம்பரத்தில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இரண்டே செட் யூனிஃபார்ம் இருக்கும் வீட்டில் மறுநாள் காலை வரை அதே கவலைதான்.

பதற்றத்தில் நாம் முதலில் செய்யும் காரியமே கறையை நிரந்தரமாக்கிவிடுகிறது. ஈரம் காயும் முன்பே குழாயடியில் வைத்து கசக்கித் தேய்க்கிறோம் இல்லையா, அதைத்தான் சொல்கிறேன்.

ஏரி மண்ணா, கடல் மண்ணா?

சேறு எல்லாம் ஒன்றல்ல. சென்னைக்குள்ளேயே ஏரியாவுக்கு ஏரியா மண் மாறும். அடையாறு, திருவான்மியூர், சாந்தோம் பக்கம் கடலோர மணற்பாங்கு. மணல் துகள் பெரியது. காய்ந்ததும் உதறினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

தி.நகர், மேற்கு மாம்பலம் கதையே வேறு. 1920-களில் பழைய பெரிய ஏரி ஒன்றின் படுகையில் உருவான ஊர் தி.நகர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது, பார்க்கத்தான் ஏரி இல்லை! அங்கே கிடைப்பது களிமண். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. பருத்தி நூலோ முறுக்கிய நாடா போன்ற இழைகளால் ஆனது. ஈரத்தில் தேய்க்கத் தேய்க்க, அந்தத் துகள்கள் இழைகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பனகல் பார்க்கிலும் லஸ் முனையிலும் மெட்ரோ வேலைக்குத் தோண்டிய மண் மழையில் கரைந்து ரோட்டுக்கு வந்தால், தினமும் அந்த வழியாக நடப்பவர்களின் வேட்டிக்கும் சல்வாருக்கும் சொல்லவே வேண்டாம்.

முதலில் காயவிடுங்கள்

கட்டியாக ஒட்டியிருக்கும் சேற்றை மட்டும் ஸ்பூனால் வழித்துவிட்டு, துணியை ஃபேனுக்கு அடியில் போடுங்கள். சேறு நன்றாகக் காய்ந்து வெடிப்பு விட்டதும், பழைய டூத் பிரஷால் உதிர்த்துவிடுங்கள். பாதிக் கறை இங்கேயே போய்விடும். பிறகு துணியின் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, கறையின் பின்புறத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாக விடுங்கள். வந்த வழியிலேயே மண் வெளியேறும். அதற்கப்புறம்தான் சோப்பு. லிக்விட் டிடர்ஜென்ட்டைக் கறையில் தடவி அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள்.

பஸ்ஸோ ஆட்டோவோ தெறித்துவிட்டுப் போன சேறு என்றால் அதில் இன்ஜின் ஆயிலும் கலந்திருக்கும். கறையின் ஓரம் கறுப்பாக நிற்பது அதனால்தான். டிடர்ஜென்ட்டுக்கு முன்னால் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை அங்கே இரண்டு சொட்டு விட்டுத் தேய்க்கலாம்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரையும் வராது, அழுக்கும் சரியாகப் போகாது. கடைசி அலசலுக்காவது மெட்ரோ வாட்டரோ, பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ நல்லது. கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி பெட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் மிச்சமிருப்பது இன்னும் இறுகிவிடும்.

பிளீச் வேண்டாம்

துவைத்த பிறகும் மங்கலாக ஒரு செம்மஞ்சள் நிறம் நிற்கும். அது மண்ணிலுள்ள இரும்பு, அதாவது துரு. வெள்ளைத் துணிதானே என்று பிளீச் ஊற்றினால் துரு போகாது, இன்னும் அழுத்தமாகப் பதியும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, சிறிது நேரம் வெயிலில் வைத்து நன்றாக அலசுங்கள். வெள்ளைக்கு மட்டும்தான் இது. சுங்குடி, கலம்காரி என்றால் சாயம் போகலாம். முக்கியமான விஷயம், எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு எதையும் பிளீச்சோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை நனைத்து வெள்ளாவி வைப்பார்கள். அந்த மண்ணில் இருக்கும் காரம்தான், இன்று கடையில் விற்கும் சலவை சோடாவிலும் இருக்கிறது. மண் அழுக்கை இன்னொரு மண்ணே வெளுத்திருக்கிறது!

வெள்ளத்தில் நனைந்தால்...

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் பீரோவுக்குள்ளேயே தண்ணீர் புகுந்த வீடுகள் ஏராளம். அம்மாவின் புடவைகள் முழுக்கச் சேறு. அப்படிப்பட்ட நேரத்தில் 'காயவிடு' என்ற விதி செல்லாது. வெள்ள நீரில் சாக்கடையும் கலந்திருக்கும். ஓரிரு நாள் ஈரமாகக் குவித்து வைத்தாலே பருத்தியில் கரும்புள்ளிப் பூசணம் பிடிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வெறும் தண்ணீரில் சேறு போகும்வரை அலசுங்கள். பிறகு துணி தாங்கும் சூட்டில் வெந்நீரும் டிடர்ஜென்ட்டும் சேர்த்துத் துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள். சேற்றோடு அப்படியே வாஷிங் மெஷினில் போட்டால் மண் அடைத்து, துணியோடு மெஷினுக்கும் செலவு வைத்துவிடும்.