காருக்குச் சட்டை தேவையா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இந்தக் காலத்தில் "காரை வாங்கிப் பார்" என்பதையும் அதோடு சேர்த்துக் கொள்ளலாம்!

கடன் வாங்கி, மாதத் தவணை கட்டி, ஒரு குடும்பம் கார் வாங்குகிறது. கார் வந்துவிட்டது. ஆனால், அதை நிறுத்த இடம் இல்லை.

சென்னையில் பல குடும்பங்களின் நிலை இதுதான். கார் தெருவில் நிற்கிறது. பகலில் வெயில். இரவில் பனி. மேலே காக்கை. கீழே புழுதி.

"என்னங்க, ஒரு கவர் வாங்கிப் போடுங்க. வர்ணம் போயிடப் போகுது" என்கிறாள் மனைவி.

"கவர் வேண்டாம் சார். கவர் போட்டால்தான் வர்ணம் கெடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இந்த இரண்டில் எது சரி?

இரண்டுமே சரிதான்! அது எப்படி என்று பார்ப்போம்.

காகிதத்தின் கனம்!

காரின் மேல் பூசப்பட்டிருப்பது ஒரே வர்ணம் அல்ல. அதில் பல அடுக்குகள் உண்டு.

முதலில், இரும்புத் தகட்டில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதற்கு மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. மர நாற்காலிக்கு வார்னீஷ் அடிப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

புதுக் காரின் பளபளப்பு இந்த மேல்பூச்சில்தான் இருக்கிறது.

இத்தனை அடுக்குகளையும் சேர்த்தால் எவ்வளவு கனம் இருக்கும்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அல்லது அதைவிடக் கொஞ்சம் அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் காகிதத்தின் கனம்தான்! மேல்பூச்சு அதிலும் பாதிகூட இருக்காது.

இந்த மெல்லிய தோல்தான் வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும்.

அந்தக் காலத்து வர்ணம்

தொடக்கத்தில் கார்களுக்கு, குதிரை வண்டிக்கு அடிப்பது போல வார்னீஷ்தான் அடித்தார்கள். அடித்துக் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு தயாரித்த "மாடல் டி" கார், 1914-ஆம் ஆண்டு முதல் 1925-ஆம் ஆண்டு வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது.

1923-ஆம் ஆண்டில் "டுகோ" என்ற புதிய வர்ணம் கார்களுக்கு வந்தது. அது சில மணி நேரத்தில் காய்ந்தது. பல நிறங்களிலும் கிடைத்தது. ஆனால், வெயில் பட்டால் மங்கும். அடிக்கடி பாலீஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

நிறமில்லாத மேல்பூச்சு 1980-களில்தான் பரவலாக வந்தது. வெயிலின் கொடுமையைத் தடுக்கும் மருந்தும் அதில் கலக்கப்படுகிறது.

ஆகவே, இன்றைய காரின் வர்ணம் பழைய காரின் வர்ணத்தைவிட வெயிலை நன்றாகவே தாங்கும். ஆனால், என்றென்றைக்கும் தாங்காது!

நான்கு எதிரிகள்

வர்ணத்துக்கு நான்கு எதிரிகள் உண்டு.

முதல் எதிரி வெயில். 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. சாதாரணக் கோடை நாளிலேயே காரின் கூரையில் கை வைக்க முடியாது. கறுப்புக் கார் என்றால் கேட்கவே வேண்டாம்! சூட்டைவிடக் கொடியது, வெயிலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அது மேல்பூச்சை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. முதலில் பளபளப்பு போகும். பிறகு கூரையிலும் பானெட்டிலும் வெண்மையாகத் திட்டு விழும். கடைசியில், வெயிலில் காய்ந்த தோல் உரிவது போல உரியும்.

இரண்டாவது எதிரி பறவை எச்சம். காக்கை, புறா ஆகியவற்றின் எச்சத்தில் அமிலம் உண்டு. அதோடு, வெயிலில் மேல்பூச்சு இளகும், இரவில் இறுகும். எச்சம் ஒட்டிய இடத்தில் அது சமமாக இறுகாது. அதனால் அந்த இடத்தில் தழும்பு விழும். கோடையில் இதற்கு ஒரு நாளே போதும்!

மூன்றாவது எதிரி மரம். நிழல் என்று நினைத்து மரத்தடியில் நிறுத்துகிறோம். மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் பிசுபிசுவென்று ஒரு கழிவை வெளியிடும். அது கார் முழுதும் படியும். வாதுமை மரத்தில் இரவில் வௌவால் வரும். அது தின்றதும் கழித்ததும் கார் மேல்தான் விழும்.

நான்காவது எதிரி உப்புக் காற்று. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இது அதிகம். நல்ல வர்ணத்தை அது உடனே ஒன்றும் செய்யாது. கீறல் விழுந்த இடம் கிடைத்தால் போதும். உள்ளே நுழைந்து துருவை வளர்த்துவிடும்.

மனைவி சொல்வது சரி

கவர் போட்டால் இந்த நான்கும் குறையும். வெயில் நேராகப் படாது. எச்சம் துணியில் விழும். மரத்துப் பிசினும் துணியோடு நின்றுவிடும். அதுமட்டுமல்ல, காருக்குள் இருக்கும் இருக்கை, டாஷ்போர்டு ஆகியவையும் வெளுக்காமல் வெடிக்காமல் இருக்கும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ந் தேதி ஊரடங்கு தொடங்கியது. கார்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. அப்படி நெடுநாள் நிற்கும் காருக்கு நல்ல கவர் பெரிய உதவிதான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும் சரி

நம் தெருப் புழுதியில் மணல் உண்டு. மணல் கண்ணாடியையே கீறும். அப்படியிருக்க, காகிதத்தின் பாதிக் கனம்கூட இல்லாத மேல்பூச்சு எம்மாத்திரம்?

புழுதி படிந்த காரின் மேல் கவரை இழுத்துப் போடுகிறோம். துணிக்கும் வர்ணத்துக்கும் நடுவே மணல் மாட்டிக்கொள்கிறது. துணி, உப்புக் காகிதம் ஆகிவிடுகிறது! போடும்போது ஒரு தேய்ப்பு. எடுக்கும்போது ஒரு தேய்ப்பு. நடுவில் காற்று அடித்தால் இரவு முழுவதும் தேய்ப்பு.

தினமும் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? வெயிலில் காரைப் பார்த்தால் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியும். அதைப் போக்கப் பாலீஷ் போட்டால், ஒவ்வொரு தடவையும் மேல்பூச்சு கொஞ்சம் தேயும்.

இன்னொரு ஆபத்து ஈரம். மழையில் நனைந்த காரை மூடினாலும், பிளாஸ்டிக் தாளால் மூடினாலும், உள்ளே புழுக்கம் உண்டாகும். தரையிலிருந்து எழும் ஈரமும் உள்ளேயே தங்கும். இப்படிப் பல நாள் இருந்தால் வர்ணத்தில் கொப்புளம் கிளம்பும். ஏற்கெனவே கீறல் இருந்தால் துரு பிடிக்கும்.

டம்ளர் சோதனை

எந்தக் கவரை வாங்குவது? மலிவான கவரும் உண்டு; பல ஆயிரம் ரூபாய்க் கவரும் உண்டு. கடையில் எல்லாவற்றையும் நல்ல கவர் என்றுதான் சொல்வார்கள். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

ஒரு டம்ளரில் ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றுங்கள். அதன் வாயைக் கவர் துணியால் மூடுங்கள். துணிக்கு மேலே ஒரு காய்ந்த கண்ணாடியைப் பிடியுங்கள்.

கண்ணாடியில் ஆவி படிந்தால் அந்தத் துணி ஈரத்தை வெளியே விடும். அது நல்லது. ஆவி படியாவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். அந்தக் கவர் நெடுநாள் மூடி வைக்க ஏற்றது அல்ல.

துணியின் உட்புறத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். கன்னத்துக்குச் சொரசொரப்பாக இருப்பது காருக்கும் சொரசொரப்புதான்!

கவர் காரின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடக்கும். கீழே எலாஸ்டிக்கும், வயிற்றில் கட்ட ஒரு பட்டையும் இருப்பது நல்லது. தெருவில் நிறுத்துகிறவர்கள் இரவில் மின்னும் பட்டை தைத்த கவராக வாங்க வேண்டும். கவர் போட்ட கார் இருட்டில் மற்ற வண்டிக்காரர்களுக்குத் தெரியாது.

எப்படிப் போடுவது?

காரைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கவர் போட வேண்டும்.

ஓடி வந்த காரை உடனே மூடக் கூடாது. எஞ்சினும் சைலன்சரும் ஆற அரை மணி நேரமாவது விடுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து போடுவது நல்லது. கவரைக் கூரை மேல் வைத்து, முன்னும் பின்னும் விரிக்க வேண்டும். இழுக்கக் கூடாது. எடுக்கும்போது பக்கங்களைக் கூரை மேல் மடித்துவிட்டுச் சுருட்ட வேண்டும். உட்புறம் தரையில் படக் கூடாது. பட்டால் மறுநாள் அந்த மண்தான் காரைத் தேய்க்கும்.

கவரையும் மாதம் ஒரு முறை துவைத்துக் காயப்போட வேண்டும். சட்டையைத் துவைக்காமல் போடலாமா?

எச்சரிக்கை!

வர்ணம் போனால் திரும்ப அடிக்கலாம். திரும்பப் பெற முடியாத ஒன்று இருக்கிறது.

பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடும்போது காருக்குள் ஏறி ஒளிவது உண்டு. உள்ளிருந்து கதவைத் திறக்கத் தெரியாமல், வெயிலின் சூட்டில் மூச்சுத் திணறிக் குழந்தைகள் இறந்த துயரச் செய்திகள் நம் நாட்டில் வந்திருக்கின்றன.

கவர் போட்ட காருக்குள் குழந்தை இருந்தால் தெருவில் போகும் யாருக்கும் தெரியாது!

ஆகவே, காரின் உள்ளே பார்த்து, நான்கு கதவுகளையும் டிக்கியையும் பூட்டிய பிறகே கவர் போடுங்கள். சாவி, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

முடிவு என்ன?

தினமும் காலையும் மாலையும் ஓடும் கார் என்றால் கவர் வேண்டாம். தினமும் கழுவிக் காயவைத்து மூட யாருக்கும் நேரம் இருக்காது. வாரம் ஒரு முறை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மெழுகுப் பாலீஷ் போட்டாலே போதும்.

வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்கும் கார், ஊருக்குப் போகும்போது விட்டுச் செல்லும் கார் ஆகியவற்றுக்கு ஈரத்தை வெளியே விடும் கவர் போடலாம்.

பலத்த காற்று வீசும் கடற்கரைத் தெருவில், இறுக்கிக் கட்ட முடியாவிட்டால் கவர் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் கவரைவிட இடம்தான் முக்கியம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரம் விழுந்தால் எந்தக் கவரும் காப்பாற்றாது.

வீட்டின் முன்னால் கொஞ்சம் இடம் இருந்தால், கவர் வாங்கும் பணத்தோடு இன்னும் சேர்த்து ஒரு தகரக் கொட்டகை போடுவதே எல்லாவற்றிலும் மேல். வெயிலும் எச்சமும் படாது. துணி தேய்க்கும் என்ற பயமும் இல்லை.

கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காரின் மேல் எச்சம் கண்டால் அன்றே அகற்ற வேண்டும். காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறிய பின் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். இதற்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய மெல்லிய துணியும் போதும். இந்தப் பழக்கம் வந்த பிறகு, கவர் வாங்குவதா வேண்டாமா என்று ஆற அமர யோசிக்கலாம்.