உறங்கும் அணிலும் விரியும் காளானும்

வடதுருவத்தை அடுத்த அலாஸ்கா, வட கனடா, சைபீரியா ஆகிய பிரதேசங்களில் வாழும் தரை அணில் ஆண்டில் ஏழெட்டு மாதம் வளைக்குள் உறங்குகிறது. ஜார்க்கண்டின் சால மரக் காடுகளில் முளைக்கும் நட்சத்திரக் காளான், வறட்சியில் இதழ்களை மூடிக்கொண்டு கிடந்து, மழை பட்டதும் விரிகிறது. இவ்விரண்டையும் பாதகமான பருவத்தில் உறங்கி நற்பருவத்தில் விழிப்பவை என்று மாணவர்களுக்கு ஒருசேரச் சொல்லிவிடத் தோன்றும். தோற்றத்தளவில் அது சரியே. ஆயினும் அசைவதெல்லாம் உயிர்ச்செயல் ஆகாது என்பதை விளக்க இவற்றைவிட நல்ல ஜோடி கிடைப்பது அரிது.

அணில் வாழும் நிலத்தடியில் என்றும் உருகாத உறைமண் இருப்பதால், அதனால் ஆழமாக வளை தோண்ட முடிவதில்லை. வளையைச் சூழ்ந்த மண் குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்துவிடுகிறது. அலாஸ்காப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் பார்ன்ஸ் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, உறங்கும் அணிலின் உடல் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழ் 2.9 டிகிரி சென்டிகிரேட் வரை இறங்குகிறது. அப்போதும் இரத்தம் உறைவதில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அது பழுப்புக் கொழுப்பை எரித்தும் நடுங்கியும் உடலைச் சுமார் 36 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்கிறது. ஒரு நாளுக்குள் மீண்டும் குளிர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு விழிப்பும் கோடையில் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கைத் தீர்க்கிறது. சேமிப்புப் போதாத அணில் வசந்தத்தைக் காண்பதில்லை.

காளானுக்கு இத்தகைய செலவு ஏதும் இல்லை. அதன் புறத்தோலின் உள்ளடுக்கு ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது இதழ்கள் வெளிப்புறம் வளைகின்றன. உலர்ந்ததும் சுருங்கி, நடுவிலுள்ள வித்துப் பையை மூடிக்கொள்கின்றன. விரிந்த நிலையில் மழைத்துளி விழுந்தால் பையிலிருந்து பழுப்பு நிற வித்துத்தூள் புகைபோல் எழும். இதழ்களின் திசுவோ உயிரற்றது. பல மாதம் பெட்டியில் உலர்ந்து கிடந்த காளானைத் தட்டு நீரில் வைத்தாலும் விரியும். எடுத்துக் காயவிட்டால் மூடும். பள்ளிகளுக்கு இதைவிடச் செலவு குறைந்த சோதனை இல்லை. தூள் மூக்கில் ஏறாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காளானின் உயிர் வித்துத்தூளிலும், மண்ணுக்குள் சால மர வேர்களோடு பின்னிக் கிடக்கும் இழைகளிலும் இருக்கிறது. இழைகள் மரத்துக்கு நீரும் தாதுப்பொருள்களும் தந்து, சர்க்கரையைப் பெறுகின்றன. மழைத் தொடக்கத்தில் உருண்டையாகத் தோண்டி எடுக்கப்பட்டு, ருக்டா என்ற பெயரில் சந்தையில் விற்கப்படுவது இதன் இளம் பருவமே. ஆகவே வனப் பணியாளர் மழையில் நட்சத்திரங்கள் விரிந்திருப்பதைக் கண்ட மாத்திரத்தில் காளான் செழித்திருப்பதாகக் குறித்துவிடலாகாது. அவை சென்ற ஆண்டின் கூடுகளாகவும் இருக்கலாம். புதிய உருண்டைகள் கிடைக்கின்றனவா, அருகில் சால மரம் நிற்கிறதா என்பவற்றையே பார்த்துக் குறித்தல் வேண்டும்.