குன்றுக்கொரு நத்தை

பினாங்குத் தீவின் உடல் கருங்கல்லால் ஆனது. தண்ணீர்மலைக் கோயிலும் கொடிமலையும் அக்கல்லின் மீதே எழுந்துள்ளன. கருங்கல் நீரில் எளிதில் கரைவதில்லை என்பதால், பத்துமலையில் உள்ளவை போன்ற நெடுங்குகைகள் இத்தீவில் உருவாகவில்லை. சுண்ணாம்புக்கல்லின் இயல்பு வேறு. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கும்போது, அந்தக் கல் சிறிது சிறிதாகக் கரைந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் குகைகளும் நிலத்தடி ஓடைகளும் உண்டாகின்றன. நத்தையின் ஓடும் அதே சுண்ணாம்பால், அதாவது கால்சியம் கார்பனேட்டால், கட்டப்படுவது என்பதால், இத்தகைய குன்றுகளில் நத்தைகள் பல்கிப் பெருகுவதில் வியப்பில்லை.

குகை நீரிலேயே பிறந்து அங்கேயே மடியும் நன்னீர் நத்தைகள் ஐரோப்பாவின் பால்கன் பகுதியில், ஸ்லொவேனியாவிலிருந்து தெற்கே நீளும் தினாரிக் சுண்ணாம்பு நிலத்தில் மிகுதி. ஒளி புகாத நீரில் பார்வைக்கும் நிறத்துக்கும் பயன் இல்லாததால், அவற்றுள் பலவற்றின் கண்கள் மங்கி மறைந்துவிட்டன; உடல் வெளுத்து, சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஓடும் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. நிலத்தடிப் பிளவுகளுக்குள் மனிதர் நுழைய இயலாது. ஆகவே, ஊற்றுவாயில் நீர் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கும் காலி ஓடுகளை மட்டும் கொண்டே பல இனங்கள் அடையாளம் காணப்பட்டன.

மலேசியக் குகைகளில் நீரைவிட ஈரச்சுவர்களே நத்தைகளின் முதன்மையான இருப்பிடம். சபாவின் குகை ஒன்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட ஜியோரிஸா ஃபிலியாசௌலே அத்தகையது. ஆற்றிலும் கடற்கரையிலும் வாழும் நெரைட் நத்தைகளின் தூரத்து உறவான இந்த இனம், குகைக்கு வெளியே பாறைகளில் வாழும் ஜியோரிஸா சௌலே என்னும் இனத்துக்கு உடன்பிறப்பு போன்றது. பின்னர் நடந்த மரபணு ஆய்வு, இருளுக்குள் சென்ற இனமும் வெளியே உள்ள இனமும் இன்னும் ஓரளவு கலந்துகொண்டிருப்பதைக் காட்டியது. ஓர் இனம் இரண்டாகப் பிரிவதை இவ்வளவு அருகிலிருந்து காணும் வாய்ப்பு உயிரியலில் அரிது.

ஈரத்தை நம்பி, நாளொன்றுக்கு மிகச் சிறிது தூரமே ஊரும் இவ்வுயிர்களால் ஒரு சுண்ணாம்புக் குன்றிலிருந்து சமவெளியைக் கடந்து அடுத்ததை எளிதில் அடைய முடிவதில்லை. எனவே அவற்றுக்கு ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. ஈப்போவை அடுத்த குனோங் ராப்பாட்டிலிருந்து 2008இல் விவரிக்கப்பட்ட ஒபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம் இதற்குச் சிறந்த சான்று. கடுகளவே உள்ள இதன் ஓடு, பெரும்பாலான நத்தைகளைப் போல ஒரே அச்சைச் சுற்றிச் சுருளாமல், நான்கு வெவ்வேறு அச்சுகளைச் சுற்றி வளர்கிறது: சுருள் மூன்று முறை ஓட்டிலிருந்து விலகிச் செல்கிறது, இருமுறை திரும்பி வந்து பழைய சுருளோடு ஒட்டிக்கொள்கிறது. எந்தப் பிடிமானமும் இல்லாத வெளியில் வளரும் ஓடு, திரும்ப ஒட்டவேண்டிய இடத்தை எவ்வாறு அறிகிறது என்ற கேள்வியை இந்தச் சிற்றுயிர் எழுப்பியது.

ஆற்று நத்தைகளும் பேராக் குகைகளில் கிடைக்கின்றன, ஆனால் அவை தாமாக வந்தவை அல்ல. லெங்கோங் பள்ளத்தாக்கின் குவா குனோங் ருந்துவில், பேராசிரியர் சுரைனா மஜீத் தலைமையில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 1991இல் வெளிக்கொணர்ந்த, ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுள்ள ‘பேராக் மனிதன்’ எலும்புக்கூட்டோடு, ப்ரோட்டியா பேரினத்து ஆற்று நத்தைகளின் ஓடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. உண்பதற்காக மனிதர் சுமந்துவந்தவை அவை. இன்றும் சிப்புட் சேடுட் என்னும் நத்தைக் கறி சமைப்போர், உறிஞ்ச வசதியாக ஓட்டின் கூர்முனையை வெட்டிவிட்டே தேங்காய்ப்பாலில் இடுகின்றனர்.

வாழிடம் ஒரே குன்று என்றால், அழிவும் ஒரே குன்றோடு முடிந்துவிடும். பகாங்கின் புக்கிட் பஞ்சிங்கில் மட்டுமே அறியப்பட்ட பிளெக்டோஸ்தோமா சியாஃபிலம், அக்குன்று கல்லுக்காக உடைத்தெடுக்கப்பட்ட பின், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அற்றுப்போன இனமாகச் சேர்க்கப்பட்டது. சிமெண்டுக்காகக் கல் எடுக்கப்படும் குனோங் காந்தானிலிருந்து 2014இல் விவரிக்கப்பட்ட நத்தைக்கு, அங்குக் கல் எடுத்துவந்த நிறுவனத்தின் பெயரையே ஒட்டி சரோபா லஃபார்கெய் என்று பெயரிடப்பட்டது. பொறுப்பை நினைவூட்ட அறிவியலாளருக்கு இதைவிட நேரான வழி இருந்திருக்க முடியாது.

இந்த நத்தைகளைத் தேடுவது பெருஞ்செலவுள்ள பணி அன்று. பாறையடி மண்ணை வாளி நீரில் கலக்கினால் கனமான மண் அடியில் தங்க, காற்றடைத்த காலி ஓடுகள் மிதந்து மேலே வரும். அவற்றைச் சல்லடையில் வடித்து உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் வகைபிரிக்கலாம். கல் உடைக்க உரிமம் வழங்கும் முன் ஒவ்வொரு குன்றிலும் இவ்வளவாவது கட்டாயமாகச் செய்யப்பட வேண்டும்.