கையில் கட்டிய கயிறு

நெல்லைச் சீமையின் நாங்குநேரி, வானமாமலைப் பெருமாள் கோயில் கொண்டருளும் திவ்யதேசம். எம்பெருமானுக்கு நாள்தோறும் சாற்றும் தைலம் சென்று சேரும் எண்ணெய்க் கிணற்றை அங்குச் சேவித்த அன்பர்கள் அறிவர். நம்மாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம் அது. ஆழ்வாருக்கு அங்கே தனிச் சந்நிதி இல்லை; சடாரியிலேயே அவர் எழுந்தருளியிருப்பதாக மரபு. வந்து வணங்கி நிற்பவர் எக்குலத்தவராயினும் அந்தச் சடாரி அவர் தலைமீது சாற்றப்படுகிறது.

அதே நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில் ஓர் இரவு, பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, அவர் பயின்ற பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சாதியின் பெயரால் தமக்கு நேர்ந்த துன்பத்தை அவர் பள்ளியில் முறையிட்டதே அச்சினத்துக்குக் காரணம். உயிர் பிழைத்த அவர் மறு ஆண்டு பொதுத்தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றார். இதில் ஆறுதல் என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு.

மாணவரின் ஒழுங்கீனம் என்றவுடன் கைப்பேசியையும் சினிமாவையும் குறைகூறி நாம் முடித்துவிடுகிறோம். ஆசிரியர் கையிலிருந்த பிரம்பு போனதே காரணம் என்பாரும் உளர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடிப்பதைத் தடை செய்தது உண்மையே. ஆனால் பிரம்பு இருந்த நாளிலும் சாதி இருந்தது. சில வகுப்பறைகளில் பிரம்பே சாதி பார்த்துத்தான் விழுந்தது. நம் தலைமுறை அதை மறந்திருக்க முடியாது.

தென்மாவட்டப் பள்ளிகளில் இன்று ஒரு மாணவனின் சாதியை அறிய அவன் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. மணிக்கட்டில் உள்ள கயிற்றின் நிறமே சொல்லிவிடும். இதைத் தடுக்க 2019-இலேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விடுத்தது, எதிர்ப்பு எழுந்தது, கயிறு நிலைத்தது. நாங்குநேரிக் கொடுமைக்குப்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்களை அகரவரிசையில் அமர்த்துதல், பள்ளிகளில் மாணவர் நல அலுவலரை நியமித்தல் முதலிய பரிந்துரைகள் அதில் உள. கயிற்றோடு நெற்றிக்குறியையும் விலக்கச் சொன்னதால் ஆன்மிக அன்பர் பலர் மனம் வருந்தினர். திருநீறும் திருமண்ணும் சாதிச் சின்னங்கள் அல்ல என்பதே என் கருத்தும். எனினும் அந்த வருத்தத்தில் கயிற்றைப் பற்றிய பேச்சே மறைந்துபோனது சரியன்று.

காப்புக் கட்டுவது நமக்குப் புதிதன்று. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டார், புலால் உண்ணார், சுடுசொல் பேசார். அந்தக் கயிறு கட்டியவரை அடக்குவது. பள்ளிக்கு வரும் நிறக்கயிறோ எதிரில் நிற்பவனை அடக்கக் கட்டுவது.

இந்தக் கயிறு பிள்ளையின் கைக்கு எங்கிருந்து வருகிறது? பல நேரங்களில் நம் கோயில் கொடை விழாவிலிருந்து என்பதைச் சொல்ல நா கூசுகிறது. அம்மனுக்கு எடுக்கும் விழாவில் சாதித் தலைவர் படம் அச்சிட்ட பனியன்; வாயிலில் பத்தாம் வகுப்புப் பையன்கள் மீசை முறுக்கி நிற்கும் பெரிய பேனர். அங்கே பழகியதைத்தான் அவன் திங்கட்கிழமை வகுப்பறைக்கு எடுத்து வருகிறான். ஆசிரியர் கண்டித்தால், பெற்றோர் பிள்ளைக்காகப் பரிந்து பேசத் திரண்டு வருகின்றனர். பின் எந்த ஆசிரியர் துணிவார்?

காவலர் வந்தபின் செய்வது தண்டனை. அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கவை சிறியவை. பேரனின் கையில் புதுக்கயிறு கண்டால், யார் கட்டியது என்று பாட்டி கேட்கலாம். உடன் பயிலும் பிள்ளை ஒருவன் சில நாள்களாகப் பள்ளிக்கு வரவில்லையெனில், காரணத்தை விசாரித்து வரும்படி தாத்தா சொல்லலாம். நாங்குநேரி மாணவரும் வெட்டுப்படும் முன் சில நாள் பள்ளிக்குச் செல்லாமல்தான் இருந்தார்.

கொடை விழாவுக்கு வரி போடும் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்பவர்கள் நம் வயதினரே. பேனருக்குப் படங்கள் அச்சகம் போகுமுன் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்து, பள்ளிப் பிள்ளைகளின் படங்களை எடுத்துவிடச் சொல்ல அவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.