சீம்பால் யாருக்கு?

ஆடு குட்டி போட்டுவிட்டது என்றால் வீட்டில் ஒரே கோலாகலம்தான். குழந்தைகள் பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டுப் புழக்கடையில் கூடிவிடுவார்கள். "சீம்பாலைக் கறந்து கொண்டா, வெல்லம் போட்டுக் கிளறலாம்!" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். "பொறு, பொறு! நஞ்சுக்கொடி விழட்டும். அதுவரை குட்டியை மடிக்கு விடாதே!" என்று பாட்டி தடை போடுவாள். இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவே, ஈரம் உலராத குட்டி நாலு கால்களையும் பரப்பிக்கொண்டு நடுங்கி நிற்கிறதே, அதன் கட்சியைப் பேச யாராவது வேண்டாமா?

நாம் பேசுவோம், சகோதரிகளே!

நம் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. ஆட்டுக்குட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆட்டின் நஞ்சுக்கொடி அந்தச் சக்தியைக் குட்டிக்கு விடுவதில்லை. ஐந்து மாதம் வயிற்றில் இருந்தும், குட்டி வெறுங்கையோடுதான் வருகிறது. தாய் சேர்த்து வைத்த சீதனம் முழுவதும் சீம்பாலில் இருக்கிறது.

அந்தச் சீதனத்தைப் பெறுவதற்கும் கெடு உண்டு. பிறந்த சில மணி நேரம்தான் குட்டியின் குடல் அந்தச் சக்தியை முழுமையாக ரத்தத்தில் சேர்க்கும். நேரம் ஆக ஆக அது குறைந்துகொண்டே வந்து, ஒரு நாளில் அநேகமாக நின்றுவிடும். மறுநாள் எத்தனை பால் கொடுத்தாலும் பசி தீருமே தவிர, போன பாதுகாப்பு வராது.

ஆகவே, ஒரு மணி நேரத்துக்குள் குட்டி முதல் வாய் குடித்துவிட வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 2 கிலோ குட்டிக்கு முதல் 24 மணி நேரத்தில் சுமார் 200 மில்லி. அதில் பாதியாவது முதல் 6 மணி நேரத்துக்குள்.

பாட்டியின் கவலை தாயாட்டைப் பற்றியது. ஆனால் குட்டி முட்டிக் குடிக்கும்போதுதான் தாயின் கருப்பை சுருங்குகிறது. நஞ்சுக்கொடி விழுவதற்கும் அதுவே துணை. கொடி தொங்கினால் இழுக்காதீர்கள், கல்லைக் கட்டாதீர்கள். 12 மணி நேரமாகியும் விழாவிட்டால் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

மற்ற வேலைகள் சுலபமானவை. குட்டியின் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைச் சுத்தமான துணியால் துடையுங்கள். பிறகு தாயிடமே விடுங்கள். அது நக்க நக்கக் குட்டிக்குச் சுறுசுறுப்பு வரும்; தாய்க்கும் தன் குட்டியின் வாசனை பழகும். குளிப்பாட்டுவது கூடவே கூடாது. தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின் தடவுங்கள். மடியை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காம்பில் அடைப்பு நீங்க இரண்டு பீச்சு பீச்சிவிடுங்கள். இரட்டைக் குட்டியானால் சவலைக் குட்டியைப் பிடித்து முதலில் ஊட்டவிடுங்கள். இல்லாவிட்டால் வலுத்தது அதைத் தள்ளிவிடும்!

குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஆபத்து. துணியில் சுற்றிச் சூடேற்றிய பிறகே பால் கொடுக்க வேண்டும். படுக்கவைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

தாய்க்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுங்கள். பசுந்தழை போடுங்கள், தானியத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். மடி கல்லாக இறுகிச் சுட்டால் தாமதிக்காதீர்கள். அது மடிநோயாக இருக்கலாம்.

இவ்வளவும் ஒரு குட்டிக்காகவா என்று கேட்கிறீர்களா? ஏழைப் பெண்ணுக்கு ஆடுதான் பாங்கிக் கணக்கு. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏழைக் குடும்பப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடுகளை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதும் இதனால்தான். அந்தக் கணக்கில் ஒரு குட்டி போவது, பிள்ளையின் பள்ளிச் செலவு போவதைப் போல.

குட்டிகள் வயிறு நிறையக் குடித்த பிறகும் சீம்பால் மிஞ்சுகிறதா? ஒரு பாட்டிலில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் உறைய வையுங்கள். நாளைக்குத் தாயில்லாக் குட்டி ஒன்றுக்கு அது உயிர் கொடுக்கும். அதைக் கொதிக்க வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கினால் போதும்.

அதற்கு மேலும் மிஞ்சினால்? தாராளமாக ஏலக்காயைப் பொடி செய்யுங்கள்!