உங்கள் ஷார்ட்கட் கீயை நீங்களே அமைக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நண்பர்கள் முதலில் தருவது, நூறு ஷார்ட்கட் கீகள் அடங்கிய ஒரு பட்டியல். அதை மனப்பாடம் செய்ய முயன்றால் பத்து கூட நினைவில் நிற்காது. பெரும்பாலானவை நமக்குத் தேவைப்படாதவை என்பதே காரணம். பட்டியலை ஒதுக்கிவிட்டு, இரண்டு நாட்கள் உங்கள் வேலையையே கவனியுங்கள். எந்த ஃபைலை அடிக்கடி திறக்கிறீர்கள், எந்த இரண்டு புரோகிராம்களுக்கிடையே மாறி மாறிச் செல்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். அந்த நான்கைந்து வேலைகளுக்கு மட்டும் கீகளையும் விரல் அசைவுகளையும் அமைத்தால் போதும். விண்டோஸ் 11 தொகுப்பில் இதை எப்படிச் செய்வது எனப் பார்ப்போம்.

தினமும் திறக்கும் எக்ஸெல் கணக்கு ஃபைல் ஒன்று உள்ளது என்று வைத்துக் கொள்வோம். அதன் மீது ரைட் கிளிக் செய்து, ஷோ மோர் ஆப்ஷன்ஸ், செண்ட் டு, டெஸ்க்டாப் எனச் சென்றால் டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் ஐகான் கிடைக்கும். அந்த ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். ஷார்ட்கட் என்ற டேபில், ஷார்ட்கட் கீ என்ற கட்டத்தில் 'நன்' என்று இருக்கும். அங்கே கர்சரை வைத்து 'கே' எழுத்தை அழுத்தினால் கண்ட்ரோல் + ஆல்ட் + கே என்று தானாகவே அமையும். ஓகே கிளிக் செய்து வெளியேறவும். இனி எந்தப் புரோகிராமில் இருந்தாலும் இந்த மூன்று கீகளை அழுத்தினால் கணக்கு ஃபைல் திறக்கும். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே உள்ள வசதி இது. பலர் கண்டுகொள்வதே இல்லை. ஐகானை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டால் கீ வேலை செய்யாது. எண் 4-ஐத் தேர்வு செய்ய வேண்டாம். இங்கிலீஷ் (இந்தியா) கீ போர்டு அமைப்பில் கண்ட்ரோல் + ஆல்ட் + 4 தான் ரூபாய் அடையாளத்தைத் தருகிறது.

எதையும் அமைக்காமலேயே கிடைப்பதும் ஒன்று உண்டு. டாஸ்க் பாரில் பின் செய்த புரோகிராம்களை இழுத்து உங்களுக்கு வேண்டிய வரிசையில் வையுங்கள். விண்டோஸ் கீயுடன் 1 அழுத்தினால் முதலாவது, 2 அழுத்தினால் இரண்டாவது திறக்கும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் டச்பேடையும் கவனிக்க வேண்டும். மூன்று விரல்களைக் கீழ்நோக்கி இழுத்தால் எல்லா விண்டோக்களும் மறைந்து டெஸ்க்டாப் தெரியும். இது தெரியாமல் கை பட்டு, டைப் செய்த கடிதம் போய்விட்டது என்று பதறி, கம்ப்யூட்டரை அணைத்தவர்கள் உண்டு. உண்மையில் எதுவும் அழிவதில்லை. அதே மூன்று விரல்களை மேல்நோக்கி இழுத்தால் எல்லாம் திரும்ப வரும். சேவ் செய்யாமல் அணைப்பதில்தான் ஆபத்து.

இதை மாற்ற, செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட், அட்வான்ஸ்டு ஜெஸ்சர்ஸ் எனச் செல்லவும். மூன்று விரல், நான்கு விரல் அசைவுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மெனு இருக்கும். கீழ்நோக்கிய அசைவு தொல்லையாக இருந்தால் 'நத்திங்' எனக் கொடுத்துவிடலாம். கஸ்டம் ஷார்ட்கட் தேர்ந்தெடுத்தால் நீங்கள் அழுத்தும் கீகளை அது பதிவு செய்துகொள்ளும். நான்கு விரல் தட்டலுக்கு, ஃபைலை சேவ் செய்யும் கண்ட்ரோல் + எஸ் கொடுப்பது நல்லது. விண்டோவை மூடும் கீயையோ அழிக்கும் கீயையோ மட்டும் விரல் அசைவுக்குத் தராதீர்கள். விரல் தவறிப் படும் இடம் அது. உங்கள் லேப்டாப்பில் இந்தப் பகுதியே தெரியவில்லை என்றால், தயாரிப்பாளர் தந்த டச்பேட் புரோகிராமில் தேடிப் பாருங்கள்.

ஒரே தகவல்களைத் திரும்பத் திரும்பக் காப்பி செய்பவர்களுக்கு விண்டோஸ் கீ + வி உதவும். முதல் முறை அழுத்தும்போது டர்ன் ஆன் கொடுக்க வேண்டும். அதன்பின் காப்பி செய்தவற்றில் கடைசி 25 வரை பட்டியலாகக் கிடைக்கும். காப்பி செய்த பாஸ்வேர்டும் அதில் தெரியக்கூடும் என்பதால், அவ்வப்போது கிளியர் ஆல் கிளிக் செய்திடுங்கள்.

வீட்டில் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுங்கள். நீங்கள் மாற்றிய விரல் அசைவுகள் உங்கள் அக்கவுண்ட்டில் மட்டுமே இயங்கும். அப்பா அம்மாவின் திரையில் அவர்களுக்குப் பழகியபடியே இருக்கும்.