ஓடும் முன்பே களைத்துப்போகும் மூளை

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை. இருட்டு பிரியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். ஆட்டின் முதுகை விரலால் அழுத்திப் பார்த்தே "பன்னிரண்டு கிலோ கறி தேறும்" என்று கணித்துவிடுவார் வியாபாரி. எதிராளி எந்த விலைக்கு இறங்குவார், வண்டி வாடகை போக கையில் என்ன நிற்கும் என்ற கணக்கும் கூடவே ஓடும். சந்தை கலைந்த பிறகு பஸ் ஸ்டாப் வரை நடப்பதே அவருக்கு மலைப்பாக இருக்கும். நின்ற களைப்பு கொஞ்சம் என்றால், மீதிக் களைப்பு எங்கிருந்து வந்தது?

இத்தாலியின் டூரின் நகர உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மோஸ்ஸோ 1891ல் வெளியிட்ட நூலில் இதைத் தொட்டிருக்கிறார். ஒரு விரலால் எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கவைக்கும் கருவி அவருடையது. நீண்ட நேரம் பாடமும் தேர்வும் நடத்திவிட்டு வந்த சக பேராசிரியர்களின் விரல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தளர்ந்துபோனது.

இதைத் துல்லியமாக அளந்தது 2009ல், வேல்ஸின் பேங்கர் பல்கலைக்கழகத்தில். சாமுவேல் மார்கோராவின் குழு 16 பேரைக் கணினி முன் 90 நிமிடம் உட்காரவைத்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். குறிப்பிட்ட ஓர் எழுத்தை அடுத்து குறிப்பிட்ட இன்னொன்று வந்தால் ஒரு பொத்தான், வேறு எது வந்தாலும் மற்றொரு பொத்தான். இன்னொரு நாள் அவர்களே அதே நேரத்துக்கு ரயில், கார் பற்றிய ஆவணப்படம் பார்த்தார்கள். இரண்டு நாளும் முடிவில் சைக்கிள் மிதிக்கவேண்டும், முடியாமல் நிறுத்தும் வரை. படம் பார்த்த நாளில் சராசரி 754 வினாடி. பொத்தான் அழுத்திய நாளில் 640.

இதயத்துடிப்பிலும் ரத்தத்தின் லாக்டேட் அளவிலும், இந்த வேறுபாட்டை விளக்கும்படி எதுவும் இல்லை. "எவ்வளவு சிரமமாக இருக்கிறது?" என்று இடையிடையே கேட்டதற்குத்தான் பதில் மாறியது. தாங்கமுடியாது என்ற இடத்துக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டார்கள். உடம்பில் தெம்பு இருந்தது, மிதிக்க மனசு வரவில்லை.

அய்யலூர், வடமதுரை பக்கம் காவலர் வேலைக்கு ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு இதில் சேதி உண்டு. ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கவேண்டும். இப்படி நீண்டு இழுக்கும் ஓட்டத்தைத்தான் மூளைக் களைப்பு பதம்பார்க்கிறது. 100 மீட்டர் பாய்ச்சல், கயிறு ஏறுதல் போன்ற சட்டென்று முடியும் வேலைகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. ராத்திரி ஒரு மணி வரை பொது அறிவு மனப்பாடம் செய்துவிட்டு, விடிந்ததும் ஓடி, நேரம் கூடிவிட்டதே என்று காலைத் திட்டிப் பயனில்லை.

செல்போனும் சும்மா விடுவதில்லை. பிரேசிலில் தொழில்முறை கால்பந்து வீரர்களிடம் சோதித்தபோது, ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் சமூக ஊடகம் பார்த்தவர்கள் பந்தை யாருக்குத் தள்ளுவது என்பதில் தடுமாறினார்கள். முடிவெடுப்பதுதான் முதலில் கெடுகிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக செஸ் சாம்பியன் போட்டியில் நம் குகேஷுக்கு எதிரான 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தாரே, அதையும் நான் இந்தக் களைப்பின் கணக்கில்தான் எழுதுவேன்.

சரி, மூளையைப் பழக்கமுடியுமா? மார்கோரா பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் 35 பேரை 12 வாரம் சைக்கிள் மிதிக்கவைத்தார். ஒரு பிரிவினர் மிதித்தபடியே அந்தப் பொத்தான் வேலையையும் செய்தார்கள். தாக்குப்பிடிக்கும் நேரம் வெறுமனே மிதித்தவர்களுக்கு 42 சதவீதம் கூடியது, இவர்களுக்கு 126. இதைக் காட்டித்தான் இன்று 'மூளைப் பயிற்சி' செயலிகள் விலை போகின்றன. ஆனால் இத்தனை சிறிய ஆய்வின் இத்தனை பெரிய எண்ணைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்கவேண்டும். காசு கொடுத்துச் செயலி வாங்குவதைவிட, ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதே கைடில் உள்ள இருபது கணக்குகளைப் போட்டுப்பார்க்கலாம் என்பேன். எழுத்துத் தேர்வுக்கும் ஆகும்.

உடற்தகுதித் தேர்வு நெருங்கும் வாரத்தில் மட்டும் இதை நிறுத்திவிட வேண்டும். தேர்வு நாள் காலை போன் பைக்குள் இருக்கட்டும். வயிறு ஒத்துக்கொள்ளும் என்றால் முன்கூட்டியே ஒரு கடுங்காப்பி குடிக்கலாம்: மூளை உழைக்க உழைக்கச் சேரும் அடினோசின் என்ற பொருள்தான் சோர்வைக் கூட்டுகிறது என்று கருதுகிறார்கள். அது போய் ஒட்டும் இடங்களை காஃபீன் முந்திக்கொண்டு அடைத்துவிடும்.